வெள்ளி ராவு எந்தக் கிழமை

போன வாரம் முத்துப்பேட்டையிலிருந்து ஹபீப் பாய் கூப்பிட்டார். புது வீட்டில், நபியைப் புகழ்ந்து பாடும் மௌலூது ஓதுகிறார்களாம். "வெள்ளி ராவு சார். வீட்டம்மாவையும் அழைச்சுக்கிட்டு வந்துருங்க. சாப்பாடு நம்ம வீட்லதான்" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் வழக்கம். காது அந்த நிலைக்கு வந்துவிட்டது. அடுக்களையில் இருந்த என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, தன் போனிடம் வாயால் சொல்லியே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டாள். அதுவும் பணிவாகச் சரி என்றது.

"அது வியாழக்கிழமை" என்றேன்.

"வெள்ளின்னுதானே சொன்னாரு? நானும்தான் கேட்டேன்."

"வெள்ளி ராவுன்னு சொன்னார். வியாழக்கிழமை பொழுது சாஞ்சதுமே அவங்களுக்கு வெள்ளி பிறந்துடும். அந்த ராத்திரிதான் வெள்ளி ராவு."

"அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்ன பேராம்?"

"சனி ராவு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரிட்டயர் ஆனாலும் ஆனீங்க, கிழமையைக்கூட நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?"

நான் எழுந்து இன்வெர்ட்டர் பக்கம் போனேன். வெள்ளி என்றால் வெள்ளிதான் என்று இதற்கு முன்பும் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் மட்டும் பக்கம் பக்கமாகப் பதில் சொன்னேன். என்ன ஆனது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அன்றைக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வேறு. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த அமில வாடை இருக்கிறதே, எனக்கு அது நீடாமங்கலம் தொலைபேசி நிலையத்தின் வாடை. பௌதிகத்தில் முதுகலை முடித்துவிட்டுத் தொலைபேசித் துறையில் சேர்ந்த என்னை, முதல் வேலையாக ஒரு பேட்டரி அறைக்குள் விட்டு அமிலத்தின் அடர்த்தியை அளக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு பதிவேடு, பதிவேட்டைச் சரிபார்க்க ஒருவர், சரிபார்த்தவரைச் சரிபார்க்க திருச்சியில் ஒருவர். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அந்த வரிசையைச் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

பேட்டரி அறைக்கு அடுத்தது டிரங்க் கால் அறை. வெளியூர்ப் பேச்சுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற காலம் அது. சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகை. மின்னலுக்குப் பதிந்தவர் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாதாரணத்துக்குப் பதிந்தவர் ரயில்வே கேட் திறந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு நம்பிக்கை குறைவு, ஆகவே நிம்மதி அதிகம். எந்த நாள் எந்த மணிக்கு லைன் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கிழமையைப் பற்றிய சண்டையே வந்ததில்லை. நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிந்த பிறகுதான் அதைத் தவறாகச் சொல்லவும் முடிந்தது.

ஹபீப் பாயை அந்தக் காலத்திலேயே எனக்குப் பழக்கம். எஸ்.டி.டி. பூத் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். இணைக்க வேண்டிய சான்றிதழ்களில் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினேன். அவர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். "சார், நீங்க கேட்ட சான்றிதழை வாங்கணும்னா, அதுக்கு ஒரு போன் இருந்தா தேவலாம்" என்றார். சிரித்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் சிரித்துவிட்டால் பாதி ஒப்புதல் கொடுத்ததாகப் பொருள்.

அவருடைய பூத் முத்துப்பேட்டை கடைத்தெரு மாடியில் இருந்தது. கீழே ஜவுளிக் கடை, பக்கத்தில் கருவாட்டுக் கடை. படியேறுகிறபோது ஒரு பக்கம் புதுத்துணிக் கஞ்சி வாடை, மறுபக்கம் நெத்திலி. துபாய், தம்மாம், குவைத் என்று மூன்று கடிகாரங்களை வரிசையாக மாட்டியிருந்தார். மூன்றும் ஓடின, மூன்றும் தப்பு. பெண்கள் அதைப் பார்த்துத்தான் புருஷன் தூங்குகிறானா வேலைக்குப் போய்விட்டானா என்று கணக்குப் போடுவார்கள். பிறகு பூத் போய் இணைய மையம் வந்தது. அதுவும் படுத்தபோது, நான் ஓய்வு பெற்று தஞ்சாவூர் வீட்டில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்ற பெயரில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதத் தெரியும்ல?" என்று ஒரு நாள் வந்து நின்றார்.

தெரியும். துறையின் கணினிப் பிரிவில் கடைசிக் காலத்தைக் கழித்தவன் நான். வரி வரியாக நிரல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்துக் கையெழுத்திட்டவன்.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு சிறு நிறுவனம் வீடியோ சந்திப்புச் சேவை ஒன்றைத் தொடங்கியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அம்மா, முத்துப்பேட்டையில் மனைவி, சவூதியில் மகன் என்று சிதறிக் கிடக்கிறவர்களை ஒரே நேரத்தில் ஒரே திரைக்குக் கொண்டுவருவது. வளைகுடாவில் பல ஊர்களில் சாதாரண இணையப் பேச்சு ஓடாது. இவர்களுடையது அனுமதி வாங்கியது, தொழிலாளர் முகாம்களில் போன் இல்லாதவர்களுக்கு இதற்கென்று ஓர் அறையே உண்டு. டெல்டா முகவர் ஹபீப் பாய். நேரத்தைக் கணக்குப் போடுகிற உதவி நிரலை எழுத அவர் கைகாட்டியது என்னை.

உதவி நிரல் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பெரிய நிரல் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்; அதற்கு எடுபிடி இது. இந்திய நேரத்தைக் கொடுத்தால் அதை உலகப் பொது நேரமாக மாற்றிப் பெட்டியில் வைக்கும். தம்மாமில் இருக்கிறவன் கேட்டால் அவன் ஊர் நேரமாக்கிக் கொடுக்கும். இரண்டு பேருக்கும் ஓய்வு ஒத்துப்போகிற பொழுதைத் தேடும். உலகத்தில் முக்கால்வாசி நாடுகள் முழு மணிக் கணக்கில் பிரிந்து நிற்க, நாமோ அரை மணியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறோம். அந்த அரை மணியால் வந்த பிழைகளைத் திருத்தியே ஒரு சம்பாப் பருவம் முடிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கூட்டினால் கூடுகிற, கழித்தால் குறைகிற ஒரு வேலை அந்த வயதில் கிடைப்பது அரிது.

வேடிக்கையும் இருந்தது. கும்பகோணம் பக்கத்து வாடிக்கையாளர்கள் ராகுகாலத்தில் சந்திப்பு வேண்டாம் என்றார்கள். பெங்களூருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது, விளம்பரத்திலேயே போட்டார்கள். ஆனால் எந்த ஊர் ராகுகாலம்? அம்மா கும்பகோணத்தில், மகன் துபாயில். இவருக்கு ராகு முடிந்த பிறகு அவனுக்குத் தொடங்குகிறது. இரண்டையும் தவிர்த்தால் பேசவே பொழுதில்லை. ஹபீப் பாயிடம் சொன்னேன். "ராகு பாஸ்போர்ட் வச்சிருக்காரா சார்?" என்று கேட்டார். நான் அதை அலுவலக மொழியில் எழுதி அனுப்பினேன். இந்திய ராகு மட்டும் போதும் என்று பதில் வந்தது.

முதலில் எல்லாப் பதிவுகளும் ஹபீப் பாயின் மேசை வழியாகத்தான் போயின. வருகிறவர் வாயால் சொல்வார், பாய் தட்டுவார். பிறகு பெங்களூர், மேசை எதற்கு என்று நினைத்தது. வாடிக்கையாளர் தன் போனிலேயே தமிழில் பேசினால் போதும், நேரத்தை நிரல் புரிந்துகொள்ளும் என்றது. 'நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி', 'வர்ற புதன்', 'விடியக்காலம் நாலு' எல்லாவற்றையும் நான் அதற்குக் கற்றுக்கொடுத்தேன். பள்ளிப் பிள்ளையைப் போல ஒப்பித்தது.

ஒரு நாள் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது படியிலிருந்து யாரோ, "பாய், வெள்ளி ராவு தர்கா கந்தூரிக்கு வர்றீங்கள்ல?" என்று கேட்டார். "நாளைக்குத்தானே, வராம?" என்றார் பாய். அன்று புதன்கிழமை. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பாய், நாளைக்கு வியாழன்."

"ஆமா சார். வெள்ளி ராவு."

உட்கார்ந்து நிரலைச் சோதித்தேன். வெள்ளி ராவு என்றதும் அது குதித்தோடி வெள்ளிக்கிழமை இரவில் போய் நின்றது. பாய் எட்டிப் பார்த்தார். "இதுக்கு சுன்னத்து பண்ணி வைக்கணும் போலிருக்கே சார்" என்றார்.

திருத்தம் பெரிதல்ல. ராவு, இரவு என்ற சொல் கிழமையோடு வந்தால், 'வியாழன் சாயங்காலமா, வெள்ளி சாயங்காலமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அன்றே எழுதிவிட்டேன். ஆனால் எழுதினால் ஓடிவிடுமா? பெங்களூர் ஒப்புக்கொள்ள வேண்டும். முறைப்படி குறை எண் வாங்கி, விளக்கம் எழுதி, எடுத்துக்காட்டுகளோடு அனுப்பினேன். அங்கே இதைப் பார்த்தவர் என் பேரன் வயதுக்குக் கொஞ்சம் மேல்; நல்ல பையன், சேலத்துக்காரர். போனில் வந்தார்.

"சார், காலண்டர்ல வெள்ளின்னா வெள்ளிதானே சார்?"

"காலண்டர்ல சரி தம்பி. முத்துப்பேட்டைல இல்ல. அதிராம்பட்டினத்துல இல்ல. நாகூர்ல இல்ல."

"ஒரு கேள்வி கூடினா பாதி பேர் பதிவை முடிக்காம போயிடுறாங்க சார். மேல ஒத்துக்க மாட்டாங்க. பரிசீலனைல வச்சிருக்கேன்."

பரிசீலனையில் இருக்கிறது என்ற சொல்லின் பொருள் எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து வருடம் நானே பிறருக்கு எழுதிய சொல் அது. நினைவூட்டல் அனுப்பினேன். மறு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் மேலே இருப்பவருக்கு நகல் வைத்தேன். ஓர் அரசுத் துறையையே அசைக்கப் போதுமான காகிதம்.

ஜுலைகா அம்மா, ஹபீப் பாய்க்குத் தூரத்து உறவில் லாத்தா, அதாவது அக்கா; அதே தெரு. மகன் சலீம் சவூதியில் எண்ணெய் ஆலையில். மகள் மும்தாஜ் கூட இருந்தாள். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. தஞ்சாவூரில் பார்த்தார்கள். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், பிறகு பேச வராது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அறுவை. அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சலீமுக்கு யாரும் சொல்லப்படாது. நான் என் வாயால சொல்லுவேன். என் புள்ளைக்கிட்ட நான் பேசிட்டுத்தான் உள்ள போவேன்."

சந்திப்புக்கு மும்தாஜின் போனில் அவரே பேசினார். கரகரத்த குரலில், "வெள்ளி ராவு, மஃரிபு தொழுகைக்கு அப்புறம், ஏழு மணி." நிரல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பக்கமும் உறுதிச் செய்தி போனது. அம்மாவுக்குத் தமிழில்: வெள்ளி இரவு ஏழு மணி. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னது, நிம்மதியானார். மகனுக்கு ஆங்கிலத்தில், தேதியோடு: வெள்ளிக்கிழமை. அவனும் நிம்மதியானான். அவனுக்கு ஷிஃப்ட் வேலை, அந்த வெள்ளி ஓய்வு இல்லை. ஆகவே அந்த நாளைக் காலியாக்கிக்கொள்ள, இன்னொருவனுடைய வியாழன் வேலையையும் சேர்த்து இரட்டை ஷிஃப்ட்டாக வாங்கிக்கொண்டான். ஆலைக்குள் போன் கூடாது. வாசலில் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வியாழன் சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். "சார், லைன் வரலை. ஜுலைகா லாத்தா தலையில துப்பட்டியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. கொஞ்சம் பாருங்க." என் வீடு ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் தூரம். போகும் வழியிலேயே போனில் திறந்து பார்த்தேன். பதிவு அழகாக, பச்சை நிறத்தில், நாளைக்கு இருந்தது.

வார்டில் கடைசிக் கட்டில். அந்த அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, அதை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல புடவை. கண்ணுக்குச் சுருமா இட்டிருந்தார்.

"வந்துட்டாங்க பாருங்க, இந்த சார்தான் டைம் எல்லாம் போடுறவங்க" என்றார் பாய். சாதாரணமாக அவர் அப்படிச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பதிவை அப்போதே இணைக்கும்படி மாற்றினேன்; அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. மணி அடித்தது. எடுக்க ஆள் இல்லாத ஒரு பெட்டிக்குள் அடித்தது. பாய் முகாம் காவலாளியைப் பிடித்தார், காவலாளி மேற்பார்வையாளர் எண்ணைக் கொடுத்தார், மேற்பார்வையாளர் காலையில் பேசுங்கள் என்றார். சேலத்துப் பையனைக் கூப்பிட்டேன். "குறை எண் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு அவரே சங்கடப்பட்டார்.

பாய் டாக்டரிடம் போய் வந்தார். தள்ளிவைத்தால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது, மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாராம். மும்தாஜ் அழுதாள். "காலைல சொல்லி நிறுத்திருவோம்மா."

"நிறுத்தி?" என்றார் அந்த அம்மா. "மூச்சு முட்டிச் செத்தா மட்டும் பேசவா போறேன்? அவன் பேசுனா நான் கேப்பேன்ல. அது போதும்."

அந்தச் செயலியிலேயே குரலைப் பதிந்து வைக்க ஒரு வழி இருந்தது. எதிராளி திறக்கும்போது ஒலிக்கும். நான்தான் சொன்னேன். "சொல்ல நினைச்சதைச் சொல்லுங்கம்மா. அப்படியே தம்பிக்குப் போயிடும்."

போனை வாங்கி உதட்டருகே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "அவன் இல்லாம எப்படிப் பேசுறது?" என்றார்.

"இருக்கிறதா நினைச்சுக்கிட்டு பேசு லாத்தா" என்றார் பாய்.

"சலீமு" என்றார். தொண்டையைச் செருமினார். "சாப்ட்டியா வாப்பா?"

பிறகு நிறுத்திவிட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வராமல் அடுத்ததைப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. நாங்கள் சைகை காட்டினோம். பேசுங்கள், பேசுங்கள் என்று. அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ டிபன் கேரியரைத் திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துப் போனை மும்தாஜிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆலை வாசலில் சலீம் தன் பெட்டியைத் திறந்தபோது, நம் கடிகாரம் அவனுடையதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம், நான் மாற்றியதை யாராவது பழையபடி ஆக்கினார்களோ என்னவோ, வெள்ளிக்கிழமை அழைப்பு குறித்த நேரத்தில் பிசகாமல் இணைந்தது. படம் தெளிவாக இருந்ததாம். மும்தாஜ் பேசினாள்.

நான் அறிக்கை எழுதினேன். பதில் ஒரு பத்தி. இரு தரப்புக்கும் உறுதிச் செய்தி உரிய மொழியில் சரியாகச் சென்றிருக்கிறது. ஆகவே குறை எதுவும் இல்லை என்று முடித்துவைக்கப்படுகிறது. அந்தப் பத்தியில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு பத்தியை எழுத எனக்கு எத்தனை வருடப் பயிற்சி தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்த நிறுவனம் நெடுநாள் நிற்கவில்லை. பிறகு ஊருக்கு ஊர் போன் பேச்சு எளிதாகிவிட்டது. இவர்களுடைய அனுமதிக்கு மதிப்பில்லாமல் போனது. மாடியை ஜவுளிக் கடைக்காரர் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டார். மூன்று கடிகாரங்களும் எங்கே போயின என்று பாய்க்கே தெரியவில்லை. என் திருத்தம் கடைசி வரை பரிசீலனையில் இருந்து, பரிசீலிக்கிற ஆளே இல்லாமல் போனதால் ஓய்வு பெற்றது.

சலீம் விடுமுறையில் வந்தபோது தஞ்சாவூருக்கு என்னைத் தேடி வந்தான். உயரமான பையன், வெயிலில் கறுத்திருந்தான். அம்மா நன்றாக இருக்கிறார்கள், ஜாடையில் எல்லாம் சொல்கிறார்கள் என்றான். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டப்ப ரெக்கார்டுன்னு எனக்குத் தெரியல சார். லைன்ல இருக்காங்கன்னு நினைச்சேன். சாப்ட்டேம்மா, சாப்ட்டேம்மான்னு சொல்லிக்கிட்டே நிக்கிறேன். அவங்க ஒண்ணும் பேசல. கேட்கலையாக்கும்னு நினைச்சு, கேட்ல இருக்கவன் திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன்." சிரித்தான். "இப்ப அந்த ஆப் திறக்க மாட்டேங்குது சார். வேற எதுலயும் உம்மா குரல் எங்ககிட்ட இல்ல. கல்யாண வீடியோவுலகூட பாட்டைப் போட்டு மறைச்சுட்டாங்க. நீங்கதான் எழுதுனீங்கன்னு ஹபீப் மாமா சொன்னாங்க. அதை மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா."

சேவையை மூடுகிறபோது வாடிக்கையாளர் பதிவுகளை அழிப்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. அதை வாசித்திருக்கிறேன். முதலில் மூலம், பிறகு நகல்கள், பிறகு நகல்களின் நகல்கள், அழித்ததற்கு ஒரு சான்று. அந்த நிறுவனத்தில் குறித்த நாளில், விடுபடல் இல்லாமல் நடந்த ஒரே வேலை அதுதான்.

"எங்கயாச்சும் ஒரு காப்பி இருக்காதா சார்?"

இருக்கலாம், விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பையன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பான். பரிசீலனையில் இருக்கிறது என்று பிறகு எழுதியும் இருக்கலாம்.

"எங்கேயும் இல்லப்பா" என்றேன்.

"கண்டிப்பா சொல்றீங்களா சார்?"

கண்டிப்பாகத்தான் சொன்னேன். நடைமுறை எனக்குத் தெரியும்.